கல்யாணத்துக்கு முந்தின பேர்

— அந்த பாட்டில் இல்ல கஸ்மி. அது மஞ்சள்புளி. அவருக்கு வல்லாரை.

— தெரியும் பெரியம்மா. தெருத்தெருவா ஜாமு, மூலிகைச் சாறு, சுமந்து விக்கிறவளுக்கு எந்த பாட்டில் எதுன்னு தெரியாதா? மஞ்சள்புளி உங்களுக்கு. நாஞ் சொல்றேன், இன்னிக்கு வல்லாரை நல்லா கெட்டியா எறங்கிருக்கு. வரப்புல நானே பறிச்ச எல.

— சரி.

— என்ன சரி? மொகமே சரியில்லியே.

— நாளைக்கு செமாராங் பட்டணத்துலேருந்து மக வர்றா. கார் எடுத்துட்டு வர்றா.

— அப்பாவப் பாக்கவா?

— கூட்டிட்டுப் போக. அங்க முதியோர் இல்லத்துல எடம் பாத்து வச்சிருக்கா. போன வாரம் இவரு ரயில் தண்டவாளத்துல ஏறி நடந்தாருல்ல, அதுலேருந்து அவளுக்குத் தூக்கமில்ல. 'அப்பா உன்னத் தெரிஞ்சு உன் பேரச் சொன்னா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா அவரு எங்க இருந்தா என்னம்மா'ன்னு கேட்டா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— சரின்னேன். அவ கேட்டது நியாயந்தான.

— நியாயமாவது மண்ணாவது. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா, இல்ல அதுக்கும் சரியா?

— வரல கஸ்மி. வந்தா நல்லாருக்கும். காலைல அவரக் குளிப்பாட்டி விடறேன். 'ரொம்ப நன்றிம்மா'ங்கறாரு, கூலிக்கு வந்தவகிட்ட சொல்ற மாதிரி. அதுவும் பழகிருச்சு. ஆனா போகட்டும்னு விட முடியல. வீட்டுல ஒரு ஆள் இருமற சத்தமாவது வேணும்.

— மொதல்ல குடிக்கட்டும். ஐயா, மார்தோசுவிதோ ஐயா, இந்தாங்க மருந்து. கசப்பு முடிஞ்சதும் அரிசியும் வெல்லமும் போட்டது இருக்கு, வாய்க்கு இனிப்பா. ஐயா... பாருங்க, திரும்பவே மாட்டேங்கறாரு. காது கேக்குதுல்ல?

— கோழி கொக்கரிச்சா திரும்புவாரு. நானும் நாள் பூரா மார்தோ மார்தோன்னுதான் கூப்பிடறேன். நான் மார்தோ பொண்டாட்டின்னு சொல்லிக் குடுக்கறேன். யாரையோ சொல்றேன்னு நெனைக்கிறாரு. மறதிக்கு இந்தச் சாறு கேக்குமா கஸ்மி? நெஜத்தச் சொல்லு.

— கேக்கும்னு சொல்லித்தான் எங்கம்மா வித்தாங்க, நானும் விக்கிறேன். என் மாமியாருக்குக் கேக்கல. அவங்க குடிக்காம துப்பிட்டே இருந்தாங்க, அத வேற சொல்லணும். ஆமா, கேக்கணும்னு இருந்தேன். நேத்து சந்தையில நீங்க கத்திரிக்கா பொறுக்கிட்டிருந்தப்ப, ஆட்டுக்காரக் கெழவர் ஒருத்தர் 'டேய் வகிமின்'னு கத்துனாரு. ஐயா டக்குன்னு திரும்பிப் பாத்தாரு. யாரு வகிமின்?

— இவருதான். கல்யாணத்துக்கு முந்தின பேரு.

— அதச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதான?

— எப்படிக் கூப்பிடறது? கல்யாணத்தன்னிக்கு மஞ்சச்சோறு ஆக்கி, பெரியவங்கள உக்கார வச்சு, இனிமே இவன் மார்தோசுவிதோன்னு ஊருக்கே சொன்னாங்க. அன்னிலேருந்து நானும் மார்தோதான், ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. பழைய பேரு மரியாதக் கொறச்சல். பெத்த தாய்கூட அப்புறம் அதச் சொல்லல.

— அப்ப உங்க பழைய பேரு?

— வார்தினி. அப்படிக் கூப்பிட இப்ப ஆளில்ல.

— பெரியம்மா, இவரு நெனப்புல அந்தக் கல்யாணமே இன்னும் ஆகலியோ என்னமோ. அப்புறம் மார்தோன்னா எப்படித் திரும்புவாரு? ஒரு தடவ பழைய பேரச் சொல்லித்தான் பாருங்களேன். யாரு வந்து கேக்கப் போறாங்க?

— வகிமின்.

— என்னம்மா? கூப்பிட்டீங்களா?

— அய்யோ பெரியம்மா. ஐயா திரும்பிட்டாரு.

— நீ சும்மா இரு கஸ்மி. வகிமின், இந்தா, இதக் குடி.

— கசக்குதும்மா. எங்கம்மாவும் இதத்தான் தருவாங்க. நீங்க எந்த வீடு? உங்கள இந்தப் பக்கம் பாத்ததில்லியே.

— பக்கத்துலதான். செருப்பு மாட்டிட்டியே, எங்க கெளம்பிட்ட?

— தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்மா. செங்கச்சூளக்காரர் வீட்டுக்கு. அவரு பொண்ண எனக்குப் பேசி முடிச்சிட்டாரு எங்கப்பா. அடுத்த வாரம் கல்யாணம். எனக்குப் பெரிய பேருகூட பாத்து வச்சாச்சாம்.

— கஸ்மி, அந்தச் சூள எங்கப்பாவோடது.

— அப்ப உங்களத் தேடித்தான் தண்டவாளத்துல நடந்திருக்காரு. இது தெரியாம மனுசனுக்குப் புத்தி போச்சுன்னு பேசிட்டிருக்கோம்.

— பொண்ணு பேரு என்ன வகிமின்?

— வார்தினி.

— சொல்லிட்டாரு. பெரியம்மா, சொல்லிட்டாரு. நாளைக்கு வர்ற காரு வெறுங்காராத் திரும்பட்டும். நாஞ் சொல்றேன், உங்க மக கேட்டது இதத்தான...

— இரு. வார்தினியப் பாக்கத்தான் போறியா?

— பாத்துச் சொல்லணும்மா. தெனமும் கெளம்பறேன், பாதியில திரும்பிடறேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அவ மேல ஒரு குத்தமும் இல்ல. நல்ல பொண்ணுதான். எனக்கு மனசு வரல. சுமத்ராவுக்குத் தோட்ட வேலைக்குப் போயிடலாம்னு இருக்கேன்.

— பெரியம்மா, நீங்க உள்ள போங்க. ஐயா ஏதோ ஒளர்றாரு.

— ஒளறல. போயிச் சொல்ல வேண்டியதுதான தம்பி?

— அந்த மொகத்தப் பாத்தா வாய் வராதும்மா. சொல்லாமலே கட்டிக்குவேனோன்னு பயமா இருக்கு. நீங்க பெரியவங்க. நீங்க போயி அவகிட்ட சொல்லிடறீங்களா?

— சொல்லியாச்சு தம்பி. அவ சரின்னுட்டா.