காட்டேரிக்கு வெள்ளைப் பூச்சு

ஒர்னெல்லா: ...ஊதா டப்பியை மூடு. மூடுடீ முதல்ல!

லோரெதானா: ஊதா இல்ல சிஞ்ஞோரா, திராட்சை நிறம்.

ஒர்னெல்லா: என்கிட்டயே கதை விடறியா? ஐம்பத்தஞ்சு வருஷமா நடிக்கறேன். நம்ம இத்தாலியில ஷூட்டிங்ல ஊதா வந்தா படம் படுத்துடும். தோஷம் போக இரும்பைத் தொடு.

லோரெதானா: தொட்டாச்சு. கத்தரிக்கோல். போதுமா?

ஒர்னெல்லா: அதுவும் இன்னிக்குப் பார்த்தா எடுப்பே? பதினோரு மணிக்கு இன்சூரன்ஸ் டாக்டர் வராரு.

லோரெதானா: அதைத்தான் கேக்கணும்னு... அவர் பார்த்துட்டுப் போனப்புறம் மேக்கப் போடலாமே?

ஒர்னெல்லா: நான் நடிக்கலாம்னு அவர் கையெழுத்துப் போட்ட உடனே ஷாட்.

லோரெதானா: ஷாட் மூணு மணிக்கு.

ஒர்னெல்லா: ...வேஷத்தோட இருந்தாத்தான் எனக்குத் தைரியம். நீ நிறுத்தாதே. பூச்சு தெளிக்கற மெஷினைப் பிடிச்சு அடி.

லோரெதானா: கண்ணை மூடுங்க. மூச்சைப் பிடிங்க.

ஒர்னெல்லா: ம்ம்... முதல் படத்துல காட்டேரி வேஷத்துக்கு எனக்கு என்ன பூசினாங்க தெரியுமா? அறுபத்திநாலுல. பச்சை.

லோரெதானா: பச்சையா!

ஒர்னெல்லா: கருப்புவெள்ளைப் படம்டீ. பச்சை பூசினாத்தான் திரையில பொணக்களை வரும். உதட்டுக்குக் காப்பி நிறம். அந்தக் கோலத்தோட சாப்பிடப் போவேன், பரிமாறறவன் தட்டைத் தூரத்துலேருந்தே தள்ளுவான்.

லோரெதானா: ரத்தம்?

ஒர்னெல்லா: சாக்லேட் பாகு. ஷாட் முடிஞ்சதும் நக்கிடுவேன். இன்னொண்ணு கேளு. கேமரா முன்னாடியே நான் கிழவி ஆகணும். முகம் பூரா சிவப்புப் பென்சில்ல சுருக்கம் வரைஞ்சுட்டு, மேல சிவப்பு விளக்கைப் போட்டாங்க. ஒரு கோடு தெரியல! அப்புறம் மெள்ள மெள்ளப் பச்சை விளக்குக்கு மாத்தினாங்க. ஷாட்டை வெட்டாமலே பத்தொன்பது வயசுப் பொண்ணு தொண்ணூறு ஆயிட்டா.

லோரெதானா: இப்ப எனக்கு அந்தப் பென்சில் செலவு மிச்சம்.

ஒர்னெல்லா: கழுதை! ...சிரிக்க வைக்காதே, கலைஞ்சிடும்.

லோரெதானா: கலர் வந்தப்புறம்?

ஒர்னெல்லா: சுண்ணாம்பு அடிச்ச சுவர்தான். கண்ணுக்கு மேல நீலம், ரெண்டு அடுக்கு ஒட்டு இமை, ரத்தம் தக்காளிச் சாறு மாதிரி. எண்பதுகள்ல ரப்பர் வந்துச்சு. நெத்திக்கு ரப்பர், மூக்குக்கு ரப்பர், ஆறு மணி நேரம் ஒட்டுவாங்க. ரப்பருக்குள்ள யார் இருந்தா என்னன்னு என்னைக் கூப்பிடறதையே விட்டுட்டாங்க.

லோரெதானா: இப்ப கேமரா மயிர்க்கால் வரைக்கும் பாக்குது. பூசினது தெரிஞ்சா போச்சு. அதான் புகை மாதிரி தெளிச்சுட்டு, நரம்பை ஒண்ணொண்ணா வரையறோம்.

ஒர்னெல்லா: காட்டேரி பாவமா வேற இருக்கணுமாம். ...லோரே.

லோரெதானா: ம்.

ஒர்னெல்லா: கீழ் இமையை இழுத்து உள்பக்கம் சிவப்பு வை.

லோரெதானா: டைரக்டர் குடுத்த மாதிரிப் படத்துல அது இல்லையே?

ஒர்னெல்லா: வைடீன்னா.

லோரெதானா: எவ்வளவு உள்ள?

ஒர்னெல்லா: ...ஒரு டாக்டர் இழுத்துப் பார்த்தா தெரியற அளவுக்கு.

லோரெதானா: சிஞ்ஞோரா... வெள்ளிக்கிழமை மாடிப்படியில...

ஒர்னெல்லா: கவுன் தடுக்குச்சு. எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு.

லோரெதானா: சரி. கையெழுத்துப் போடலேன்னா என்ன பண்ணுவாங்க?

ஒர்னெல்லா: மிச்சம் ஆறு நாளையும் வேற ஒருத்தியை முதுகு காட்ட வெச்சு எடுப்பாங்க. குரலுக்கு யாரையாவது பிடிப்பாங்க. பதினேழு படம் நடிச்சேன் லோரே, ஒண்ணுலயும் என் குரல் இல்ல. எல்லாத்துக்கும் யாரோ பேசினாங்க. அப்ப அதான் வழக்கம். என் புருஷன் கொட்டகையில என் காதுகிட்ட வந்து, "உன் குரலைவிட இது நல்லாருக்கு"ன்னான்.

லோரெதானா: நல்ல ஆளுதான்!

ஒர்னெல்லா: இந்தப் படத்துலதான் நடிக்கறப்பவே மைக் வெச்சுப் பதியறாங்க. செத்தாலும் இதை நான்தான் பேசி முடிப்பேன்.

லோரெதானா: கையைக் குடுங்க. நகத்துக்கும் கறுப்பு அடிச்சுடறேன்.

ஒர்னெல்லா: நகத்தையும் பாப்பாங்களா?

லோரெதானா: பாப்பாங்க. ...யாரோ தட்டறாங்க. வாங்க! வயரைத் தாண்டி வாங்க.

டாக்டர்: வணக்கம் சிஞ்ஞோரா ஸ்பாதாரோ. இன்சூரன்ஸ்லேருந்து வரேன்... அடடா, மேக்கப் போட்டாச்சா? போட வேண்டாம்னு சொல்லி அனுப்பினேனே.

லோரெதானா: எனக்கு யாரும் சொல்லல டாக்டர்.

டாக்டர்: முகம் ரொம்ப வெளுத்து...

லோரெதானா: ரொம்ப நன்றி. மூணு மணி நேர வேலை.

ஒர்னெல்லா: பாராட்டாதீங்க, தலைக்கனம் ஏறிடும்.

டாக்டர்: ஒரு பக்கம் மட்டும் துடைச்சுக் காட்ட முடியுமா?

லோரெதானா: தாராளமா. இன்னிக்கு ஷூட்டிங் நின்னதுக்கு உங்க கம்பெனிதான் பொறுப்புன்னு எழுதிக் குடுத்துடுங்க.

டாக்டர்: ஐயோ, வேண்டாம். இமையை மட்டும்... நல்ல சிவப்பா இருக்கே?

லோரெதானா: அதுவும் நான்தான்.

டாக்டர்: நகம்?

லோரெதானா: அதுவும்.

டாக்டர்: இவங்களுக்குன்னு ஏதாவது மிச்சம் வெச்சிருக்கீங்களாம்மா?

ஒர்னெல்லா: குரல் இருக்கு.

டாக்டர்: ஆமா... படத்துல கேட்டது இது இல்லையே? அந்தக் குரலுக்குப் பயந்து சின்ன வயசுல கட்டிலுக்கு அடியில படுத்திருக்கேன்.

ஒர்னெல்லா: அது யாரோ தூரின் ஊர்க்காரி. நான் பார்த்ததுகூட இல்ல.

டாக்டர்: கையை நீட்டுங்க... பிரஷர் நூத்திப்பத்து. பரவால்ல. நாடிதான் வேகமா ஓடுது.

ஒர்னெல்லா: நாலு காப்பி குடிச்சேன்.

டாக்டர்: வெள்ளிக்கிழமை மயக்கமா?

ஒர்னெல்லா: கவுன் தடுக்குச்சு.

டாக்டர்: பார்த்தவங்க யாராவது?

லோரெதானா: நான்தான் பக்கத்துல நின்னேன். கவுன்தான் டாக்டர்.

டாக்டர்: மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?

ஒர்னெல்லா: ஈரல் வறுவல். வெங்காயத்தோட. வாரம் ரெண்டு தடவை.

டாக்டர்: ஹ்ம்... எழுபத்திநாலு வயசுக்கு... சரி. இந்தாங்க, போட்டாச்சு. என் நகலுக்குப் பின்னாடி என் அம்மா பேருக்கு நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. வரேன்.

ஒர்னெல்லா: ...போயிட்டாரா?

லோரெதானா: போயிட்டார். கதவைச் சாத்திட்டேன்.

ஒர்னெல்லா: நான் விழுந்தப்ப நீ கேன்டீன்லதானே இருந்தே?

லோரெதானா: ஆமா.

ஒர்னெல்லா: ...எனக்கு உடம்புல ரத்தம் ஊறலையாம் லோரே. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா அடுத்தவங்க ரத்தத்தை ஏத்தறாங்க. காட்டேரிக்கு... சிரிச்சா அடிப்பேன்.

லோரெதானா: சிரிக்கல. அடுத்தது எப்ப?

ஒர்னெல்லா: வியாழக்கிழமை. பஸ்ல போயிட்டு வந்துடுவேன்.

லோரெதானா: பஸ் வேண்டாம். நான் வண்டி எடுத்துட்டு வரேன்.

ஒர்னெல்லா: பயமாத்தான் இருக்கு, தெரியுமா? ஆறு நாள் தாங்கணும். ...நல்லவேளை, உன் வெள்ளைப் பூச்சு காப்பாத்துச்சு. இல்லேன்னா வாசல்லயே கண்டுபிடிச்சிருப்பார். என்ன பூச்சுடீ இது, முகத்துல இருக்கறதே தெரியல! அந்தப் பச்சையெல்லாம் தோலையே இழுக்கும். இதுல எத்தனை கோட் அடிக்கறே?

லோரெதானா: முதல் நாள் மூணு கோட் அடிச்சேன். கேமராமேன் வந்து, "ரொம்ப வெளுப்பு, குறை"ன்னார். ரெண்டாக்கினேன். "இன்னும் குறை"ன்னார். ஒண்ணாக்கினேன். அப்பவும் அதையேதான் சொன்னார்... வீட்டுலேருந்து கன்னத்துல சிவப்பு பூசிட்டு வரீங்களே, அதைத் துடைச்சுட்டு நாலு நரம்பு வரைஞ்சா என் வேலை முடிஞ்சுது, சிஞ்ஞோரா. போன திங்கக்கிழமைலேருந்து மெஷின்ல வெறும் தண்ணிதான் அடிச்சிட்டிருக்கேன்.