சேவ் பண்ணும்போது மட்டும்

– டார்ச்ச இன்னும் கொஞ்சம் கீழ காட்டுங்கக்கா. பாத்தீங்களா, எவ்வளவு தூசின்னு. இதுக்குள்ள மெஷின் மூச்சு விடறதே பெரிய விஷயம். இதான் உங்க பிரச்சினை. எழுதி வேணா தரேன்.

– போன வாரந்தான் தம்பி துடைச்சேன். தூசிய விடுங்க, ஹார்ட் டிஸ்க்கப் பாருங்க. அது ஓட ஆரம்பிச்சாத்தான் எல்லாம் படுத்துக்குது. மவுஸ் நகராது, வரையற கோடு பாதியில நிக்கும். அந்தச் சின்ன லைட்டு மட்டும் விடாம எரியும். நான் கையக் கட்டிக்கிட்டு அத வேடிக்கை பாத்துட்டு ஒக்காந்திருக்கணும்.

– அப்ப கேபிள்தான். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன், கேபிளேதான். இதோ மாத்தியாச்சு. போடுங்க.

– போட்டேன். பிளானத் தொறந்தாச்சு. ஒரு சுவர் வரையறேன். சேவ் பண்றேன்... போச்சு. பாருங்க, கல்லு மாதிரி நிக்குது.

– அடடா. அப்ப டிஸ்க்கே போயிடுச்சுக்கா. சத்தம் கேக்குதா பாருங்க, டிக் டிக்னு. சாகப் போற டிஸ்க்கு இப்படித்தான் கத்தும்.

– அது சுவர்க் கடிகாரம் தம்பி.

– ஓ. சரி, ஒரு டெஸ்ட் போட்டுடறேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும். அது வரைக்கும் வேலைய ஒத்தி வைங்க.

– ஒத்தி வைக்கறதா? டாக்டர் வீட்டுப் பிளான நாளைக்குக் குடுக்கணும். கையில மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா ஆபீசப் பூட்டி சாவிய வீட்டு ஓனர்கிட்டக் குடுத்துட வேண்டியதுதான்.

– என்னக்கா இப்படிச் சொல்றீங்க? இந்த ஏரியாவுல பாதி வீடு நீங்க வரைஞ்சதாச்சே. எங்க மாமா வீடுகூட நீங்கதான். நீங்களும், அந்த ஒல்லியா ஒசரமா ஒருத்தங்க இருப்பாங்களே, அவங்களும்.

– ஸ்கேல்.

– பேரே அதுவா?

– படிக்கற காலத்துல நான் வச்ச பேரு. ஆளும் அப்படித்தான் இருப்பா, கையிலயும் எந்நேரமும் ஒரு ஸ்கேல் இருக்கும். அவ பேச்ச எடுக்காதீங்க.

– அவங்க மேசை காலியா இருக்கு, லீவு போலன்னு நெனச்சேன்.

– தொரத்திட்டேன். நாங்க வரையற பிளான் வீடு கட்டற பார்ட்டி கைக்குப் போறதுக்கு முன்னாடியே பக்கத்துத் தெருவுல இருக்கற பில்டர் ஆபீசுக்குப் போயிடுது தம்பி. நம்ம பார்ட்டியக் கூப்பிட்டு, இதோ உங்க வீடுன்னு அவங்க காட்டறாங்க. ஒருத்தர், ரெண்டு பேருன்னு ஒவ்வொருத்தரா எல்லாரும் அங்க போயிட்டாங்க.

– வீடுன்னா எல்லாம் ஒரே மாதிரிதானக்கா இருக்கும். தற்செயலாக்கூட...

– நான் எந்த வீடு வரைஞ்சாலும் சமையல் மேடைக்குப் பக்கத்துல, வாசல் கேட் தெரியற மாதிரி ஒரு சின்ன ஜன்னல் வைப்பேன். அடுப்புகிட்ட நிக்கறவளுக்கு வாசல்ல யார் வரான்னு தெரியணும்ல. அந்த ஜன்னல் அவங்க பிளான்லயும் இருந்துது. அதக்கூட விடுங்க. ஒரு வீட்டுல பாத்ரூம் கதவத் தப்பா வச்சிட்டேன், தொறந்தா வாஷ்பேசின்ல போய் இடிக்கும். மறுநாளே திருத்திட்டேன். அவங்க காட்டுன பிளான்ல அந்தத் திருத்தாத கதவு இருக்கு. அந்தத் தப்பப் பாத்தது ரெண்டே பேரு. ஒண்ணு நான், இன்னொண்ணு அவ.

– அதனால அவங்கதான்னு முடிவு பண்ணிட்டீங்க.

– எனக்கு அப்பவும் மனசு வரல. எங்க வீட்டுக்காரர்தான் எடுத்துச் சொன்னாரு. உன்னத் தவிர அந்த ரூமுல வேற யாரு இருக்கா, நீயே யோசிச்சுப் பாருன்னு. ராத்திரி பூரா யோசிச்சேன், காலையில வந்து கேட்டுட்டேன்.

– என்ன சொன்னாங்க?

– நீ இதக் கேட்டுட்டியேன்னு மட்டும் சொன்னா. பென்சில் டப்பாவ எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டா. தப்புப் பண்ணாதவளா இருந்தா ஒரு சண்டையாவது போட்டிருக்க மாட்டாளா? எங்க அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் தூங்கட்டும்னு கட்டில் பக்கத்துல முழிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தவ தம்பி அவ. அவளே கழுத்தறுத்துட்டாளேன்னு இன்னைக்கும் ஆறல. சோறு எறங்க மாட்டேங்குது.

– டெஸ்ட் முடிஞ்சுதுக்கா. டிஸ்க்கு ஜோரா இருக்கு. ஒரு குறையும் இல்ல. உண்மையச் சொல்லணும்னா எனக்கு இப்ப ஒண்ணும் புரியல.

– நான் ஒண்ணு சொல்லவா? பாட்டுக் கேட்டா இது நிக்கறதில்ல. போட்டோ பாத்தா நிக்கறதில்ல. பிளான சேவ் பண்ணும்போது மட்டுந்தான் நிக்குது. நான் சுவருக்கு ஒரு சேவ் போடறவ. ஒரு தடவ கரண்டு போயி முழு வீட்டையும் தொலைச்சேன், அதுலேர்ந்து அப்படி ஒரு பழக்கம்.

– இத மொதல்லயே சொல்றதுக்கென்னக்கா?

– நீங்க எங்க பேச விட்டீங்க.

– சரி, சரி. இருங்க, ஒரு பெரிய சினிமாவ இதுல காப்பி பண்றேன். ஜம்முனு போகுதா? இப்ப பிளான சேவ் பண்ணுங்க. நின்னுடுச்சு. அப்ப டிஸ்க்குமேல தப்பில்ல, அத எவனோ போட்டு வேலை வாங்கறான். யாருன்னு பாப்போம்... அக்கா, பேக்கப் மாதிரி ஒண்ணு பின்னாடி ஓடுதே. நீங்க போட்டதா?

– எனக்கு அந்த வேலையெல்லாம் தெரியாதே.

– நீங்க ஒரு தடவ சேவ் பண்ணா, இது உங்க பிளான் ஃபோல்டர் மொத்தத்தையும் மொத வீட்டுலேர்ந்து படிச்சு, இன்டர்நெட் வழியா வெளிய அனுப்புது. அதான் டிஸ்க்கு மூச்சு முட்டுது. போட்டது சரியான கத்துக்குட்டி. புதுசா மாறுனத மட்டும் அனுப்புன்னு ஒரு டிக் அடிச்சிருந்தா, மெஷின் நின்னிருக்காது, நீங்களும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீங்க.

– எங்க போகுது?

– ஏதோ ஒரு மெயிலுக்கு. பேரு ஊரு ஒண்ணும் இல்ல. இப்ப போட்ட சுவர்கூடப் போயிடுச்சு. யாருன்னு தெரியலக்கா.

– எனக்குத் தெரியும். போனவ சும்மா போகல, இத வச்சிட்டுப் போயிருக்கா. ஆனா ஒண்ணு, அவசரப்பட்டுட்டோமோன்னு மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துது. அது இன்னைக்குத் தீந்துது. நான் கேட்டது தப்பே இல்ல.

– அழாதீங்கக்கா. தண்ணியக் குடிங்க. உங்க போன் அடிக்குது பாருங்க.

– எங்க வீட்டுக்காரர்தான். கையெல்லாம் தூசி, ஸ்பீக்கர்ல போடுங்க. சொல்லுங்க.

– என்ன கண்ணு, கொரலே சரியில்ல? சாப்பிட்டியா இல்லையா?

– கம்ப்யூட்டரப் பிரிச்சுப் போட்டிருக்கு. மெக்கானிக் தம்பி வந்திருக்காரு.

– மெக்கானிக் எதுக்கு? நானே பாக்கறேன்னு எத்தனை வாட்டி சொன்னேன். பழைய பொட்டி, அப்படித்தான் மக்கர் பண்ணும். அத நோண்ட விடாத, மூடச் சொல்லு.

– டாக்டர் வீட்ட நாளைக்குக் குடுக்கணும்ங்க. எப்படி முடிப்பேன்னு தெரியல.

– முடியலன்னா விடேன். எனக்குத்தான் இப்ப நல்ல எடம் அமைஞ்சிருக்கே, புது ஆபீஸ்ல என்னத் தாங்கறாங்க. நீ ஒருத்தியா எதுக்கு மாரடிக்கணும்? அப்படியே குடுத்தாலும் கவலை இல்ல. ஹால்ல இருந்த படிக்கட்டத் தூக்கி வெளிப்பக்கமா வச்சிட்டல்ல, அதப் பாத்தாலே டாக்டர் சொக்கிப் போயிடுவாரு. எங்கேருந்துதான் உனக்கு இந்த யோசனையெல்லாம் வருதோ கண்ணு.

– படிக்கட்ட மாத்துனது உங்களுக்கு யார் சொன்னா?

– நீதான் சொன்ன. நேத்து சாப்பிடும்போது.

– நேத்து எனக்கே தெரியாதுங்க. இன்னைக்கு நீங்க கெளம்பிப் போனதுக்கு அப்புறந்தான் மாத்துனேன்.

– ஹலோ? ஹலோ? ஒண்ணும் கேக்கலம்மா. இங்க சிக்னல் சரியில்ல. வீட்டுக்கு வந்து பேசறேன்.

– வச்சிட்டாரு.

– அக்கா, நான் எதையும் காதுல வாங்கலக்கா. இந்தப் புரோகிராம அழிச்சிடவா?

– அழிக்காதீங்க, அப்படியே இருக்கட்டும். மொதல்ல உங்க போனக் கொஞ்சம் குடுங்க தம்பி. என் நம்பரப் பாத்தா ஸ்கேல் எடுக்க மாட்டா.