அம்மாவுக்கும் வாடகை

கோலா கெடாவில், லங்காவி ஃபெர்ரிக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், பீடோங் தேவாலயத்தின் பெயர் போட்ட ஒரே மாதிரி டீசர்ட்டில். இளையவள் சொன்னதைக் கேட்டதும் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“பெத்த அம்மாகிட்டயே வாடகை வாங்கிட்டான்க்கா என் தம்பி.”

“லண்டன்ல இருக்கானே, அவனா?”

“அவனேதான். வேல்ஸ்ல கடலோரமா வீடு வாங்கி, லீவுக்கு வர்றவங்களுக்கு விடுறான்ல. நம்ம சுக்காய் பிந்து மாதிரி அங்கயும் வீட்டு வரி இருக்கு. வருஷத்துல பாதி நாளாவது ஆளுங்க காசு கொடுத்துத் தங்கணுமாம். இல்லன்னா வரி ரெட்டிப்பு.”

“சொந்தக்காரங்க சும்மா தங்கினா?”

“கணக்குல சேராதாம். அம்மா உள்ள சமைச்சிக்கிட்டு இருந்தாலும் வீடு காலிதான்.”

“அதுக்காக அம்மாகிட்டயா? மோசம் லா!”

“அம்மா கோவிக்கல. காசைக் கட்டித் தங்கிட்டு, மத்தவங்க மாதிரியே ரிவியூவும் எழுதினாங்க. மூணு ஸ்டார்.”

“ஏன், வீடு சரியில்லையா?”

வரிசை நகர்ந்தது. இளையவள் பையைத் தூக்கிக்கொண்டாள்.

“வீடு ரொம்பச் சுத்தமாம். வீட்டு ஓனர்தான் ஒரு நாள்கூட வந்து எட்டிப் பாக்கலையாம்.”