நீல எச்சம்

கிளியின் எச்சத்துக்கு அப்படியொன்றும் நாற்றம் கிடையாது. என் வீட்டுக்காரி மட்டும் இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். நான் உள்ளே நுழைந்ததும் ஜன்னலைத் திறந்துவிடுவாள். "அந்தப் பறவையையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்பாள். கேலிதான். நானும் சிரித்துவைப்பேன்.

விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்பதால் மிருகக்காட்சிசாலையில் என் வேலையைச் சொல்கிறேன், சார். பெட்டை முட்டையிடத் தயாரா என்று அறிய ஹார்மோன் பார்ப்பார்கள். ரத்தம் எடுத்தால் பறவை மிரண்டுபோகும். எச்சத்திலேயே அது தெரிந்துவிடும். ஒரே கூண்டில் இரண்டு பஞ்சவர்ணக் கிளிகள் இருந்ததால், எது யாருடையது என்று தெரியத் தீனியில் சாயம் கலப்போம். இளையவள் மகாராணிக்கு நீலம். முட்டையிடும் வயதைத் தாண்டிய கிழவிக்குச் சிவப்பு. இருவருக்கும் கையால் ஊட்டுவது நான்தான்.

மகாராணியைக் குஞ்சிலிருந்து வளர்த்தவன் நான். என் காலடிச் சத்தம் கேட்டாலே கம்பிக்கு ஓடி வருவாள். நான் நகர்ந்தால் அங்குமிங்கும் அலைவாள். எனக்கும் விடுமுறை நாளில் வீட்டில் இருப்புக்கொள்ளாது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறேன்.

ஒருநாள் பறவைகளைப் பார்க்கும் டாக்டரம்மா சொன்னார்: "இவளுக்கு ஹார்மோன் ஏறட்டும், வெளியூர்ப் பண்ணைக்கு அனுப்பிடலாம். அங்க ஜோடி காத்துக்கிட்டிருக்கு."

"அங்க இவளுக்கு யாரு ஊட்டுவாங்க?"

"என்னப்பா, பொண்ணைக் கட்டிக்கொடுக்கற அப்பா மாதிரி கண்ணைக் கசக்கறே?" என்று சிரித்தார்.

மறுநாள் காலை சாயத்தை மாற்றிக் கலந்தேன். கிழவியின் எச்சம் நீலமாக விழுந்தது. மகாராணியுடையது என்று அதுதான் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அங்கே ஹார்மோன் ஏறவே இல்லை. இங்கே மகாராணி, ஜோடிக்கு ஊட்டுவதுபோல, தீனியைக் கக்கி எனக்கே ஊட்ட வந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவள் உப்பிப்போய் மூலையில் உட்கார ஆரம்பித்தாள். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. "ஹார்மோனே இல்லாம வயிறு வீங்குதுன்னா கட்டியாத்தான் இருக்கும். திறந்து பாத்துடலாம்" என்றார் டாக்டரம்மா. ஜோடி சேராமலே கட்டிய முட்டைதான் அடைத்திருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் குணமாக்கி வண்டியேற்றிவிடுவார்கள். அதனால் சொல்லவில்லை.

மயக்க மருந்து கொடுக்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டது நான்தான். வேறு கை பட்டால் பயப்படுவாள். என் விரலைக் கவ்வியபடியே கண்ணை மூடினாள். உள்ளே, எக்ஸ்ரேயில் தெரியாத, ஓடு கட்டாத முட்டை இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவரை வேலையைவிட்டு நிறுத்தியிருக்கிறீர்களாம். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. செய்தது நான்.

கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். முன்பின் தெரியாத இடத்தில் அவள் தவிக்கக் கூடாது என்று பார்த்தேன், அவ்வளவுதான். இப்போது அந்தக் கூண்டுக்குக் குஞ்சு ஒன்று வந்திருக்கிறதாம். ஆளாளுக்கு ஊட்டுகிறார்களாம். அதை நினைத்தால் எனக்கு இங்கே உட்கார முடியவில்லை. கூண்டுச் சாவியைக் கொடுங்கள், சார். என்னை விட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள்?