வீட்டில் சொல்லக் கூடாத சொல்

காபி கொஞ்சம் கசக்கும். எனக்கு அளவு தெரியாததால் இல்லை. ஜெனரலுக்கு அப்படித்தான் பிடிக்கும், என் கையும் அதற்கே பழகிவிட்டது. இப்போது இந்த வீட்டில் குடிக்க நான் ஒருவன்தான் என்றாலும் கை மாற மாட்டேன் என்கிறது. சர்க்கரை அந்த நீல டப்பாவில் இருக்கிறது, மிஸஸ் தோவா. எடுத்துக்கொள்ளுங்கள்.

லிங்கன் நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், நான் போனில் கூப்பிட்டேன் என்பதற்காக. வழியில் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜெனரல் ஆல்டன் கார்வி உயர்நிலைப் பள்ளி என்ற பெயருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வாசலில் மேடை கட்டியிருக்கிறார்களே, அங்கேதான் அவருடைய சிலை வரப்போகிறது. சனிக்கிழமை திறப்பு விழா. துணியை இழுத்துத் திறக்கப் போவது நான். லைல் பார்ட்டஷை விட்டால் அதற்கு வேறு யாருக்குத் தகுதி என்று ஊரே ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே அசதியாக இருக்கிறது. தூங்கினாலும் தீராத அசதி.

போர் முடிந்து வந்தபின் அவருக்கு டிரைவராகச் சேர்ந்தேன். அவர் ஓய்வு பெற்று இந்த நெப்ராஸ்காவுக்கே திரும்பி வந்தபோது நானும் கூடவே வந்தேன். அவர் மனைவி இறந்தபிறகு சமையலும் என்னிடம் வந்தது, இஸ்திரியும் வந்தது, வயதானபின் மருந்து மாத்திரையும் வந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராயின் கடையில் காபி குடிக்கப் போனால் விவசாயிகள் என்னைச் சும்மா விட மாட்டார்கள்.

"என்ன லைல், போர் முடிஞ்சுபோச்சுன்னு உனக்கு இன்னும் யாரும் சொல்லலையா?" என்பான் ஒருவன்.

"சொல்லிட்டாங்கப்பா. ஆனா ஜெனரல் கையெழுத்துப் போட்டாத்தான இவன் நம்புவான்" என்பான் ராய்.

நானும் சிரிப்பேன். அந்தக் கேலிக்குள் மரியாதை இருந்தது. தலைவனை விட்டுப் பிரியாத சிப்பாய் என்று என்னைக் காட்டித் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

ஜெனரலைப் பற்றி வெளியே எப்படிப் பேசினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பாதி நாடு அவரைக் கசாப்புக்காரன் என்றது. மலையடிவாரத்தில் இருந்த உங்கள் ஊரின் மேல் ஒருமுறை பீரங்கியால் சுட்டு, காயம்பட்டவர்களைத் தூக்க ஜனங்கள் வெளியே வந்தபின் இரண்டாம் முறையும் சுடச் சொன்னவர் என்றது. மறு பாதி நாடு அதே காரணத்துக்காக அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. போர் என்றால் அப்படித்தான் நடத்த வேண்டும், இவரல்லவா ஆம்பளை என்றது. திட்ட வருகிறவர்களை அவர் வாசலில் நின்று பொறுமையாகக் கேட்பார். பாராட்ட வருகிறவர்களைக் கண்டால் மட்டும் தோட்டத்துப் பக்கம் நழுவிவிடுவார், தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில்.

நீங்கள் வசந்தத்தின் தொடக்கத்தில் வந்தீர்கள். இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தீர்கள். அப்போது பள்ளியின் பெயரை மாற்ற வேண்டும் என்று சில ஆசிரியர்கள் கிளம்பியிருந்தார்கள், ஊர்க்கூட்டத்துக்கும் நாள் குறித்திருந்தார்கள். நீங்கள் அதற்காக வரவில்லை. நீங்கள் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"நான் சண்டை போட வரல, ஐயா. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். முதல்ல குண்டு விழுந்தப்ப நாங்க குழிக்குள்ள இருந்தோம். அது நின்னதும் எங்கம்மா ஒரு வெள்ளைத் துணிய எடுத்துக்கிட்டு வெளிய போனாங்க. அவங்களப் பாத்து மத்தவங்களும் போனாங்க. நீங்க அவங்களப் பாத்தீங்களா? பாத்துட்டுத்தான் சுடச் சொன்னீங்களா?"

நான் கொண்டுவந்து வைத்த செர்ரி கேக்கை இரண்டு பேரும் தொடவில்லை. கடைசியில், "எனக்குக் கொஞ்சம் டைம் குடும்மா. கூட்டத்துக்கு வா. எல்லாரும் இருக்கறப்ப சொல்றேன்" என்றார்.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் சொல்கிறேன். அதற்காகத்தான் கூப்பிட்டேன்.

எங்கள் ராணுவத்தில் ரேடியோவில் பேசுகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, 'ரிப்பீட்' என்ற சொல்லை வாயில் எடுக்காதே என்பதுதான். கடைத்தெருவில் அதற்கு, காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொல் என்று அர்த்தம். பீரங்கிக்காரனுக்கு அர்த்தம் வேறு. அதே இடத்தில் அதே அளவு மறுபடி சுடு. அதனால் காதில் விழவில்லை என்றால் 'மறுபடி சொல்லுங்கள்' என்றுதான் கேட்க வேண்டும். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் நான் வண்டி பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவன். ரேடியோ பையனுக்குக் காய்ச்சல் வந்ததால் என்னைக் கொண்டுவந்து கார்வியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அப்போது அவர் கர்னல்.

முதல் சுற்று முடிந்திருந்தது. முன்னால் மலைமேல் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆள் ரேடியோவில் ஏதோ சொன்னான். ஒரே இரைச்சல். 'துணி' என்ற ஒரு சொல்தான் எனக்குக் கேட்டது. சண்டை நடக்கிற இடத்தில் எவன் துணியைப் பற்றிப் பேசுவான்? எங்கள் பண்ணையில் டிராக்டர் சத்தத்துக்கு நடுவே காதில் விழாதபோது அப்பா நாளெல்லாம் கத்துவது அந்தக் கூடாத சொல்லைத்தான். என் வாயிலும் அதுவே வந்தது. 'ரிப்பீட்' என்றேன். கர்னலின் பெயரில் பேசிய ரேடியோ அது, பீரங்கிக்காரர்கள் ஏன் என்று கேட்பார்களா? கர்னல் வரைபடத்திலிருந்து திரும்பி என் கையிலிருந்ததைப் பிடுங்கி நிறுத்து நிறுத்து என்று கத்தினார். அதற்குள் குண்டுகள் கிளம்பிவிட்டன.

ஆக, யாரும் உங்கள் அம்மாவைப் பார்க்கவில்லை, மிஸஸ் தோவா. பார்த்தவன் ஒருவன் இருந்தான், அவன் சுடாதே என்றுதான் சொன்னான் என்று பின்னால் தெரிந்தது.

விசாரணையில் கர்னல் என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. "என் பேர்ல போன வார்த்தை என் வார்த்தை" என்றார். தவறுதலாகச் சொன்னதா என்று கேட்டார்கள். தவறு என்று ஒப்புக்கொண்டால் யார் செய்த தவறு என்று தேடுவார்கள். அதனால், "நான் பீரங்கிப் படையில வளந்தவன். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக் கதவை மூடிவிட்டார். வெளியே வந்து ஜீப்பில் ஏறும்போது, "உனக்கு மீசை கூட சரியா மொளைக்கல. வாய மூடிக்கிட்டு உயிரோட வீடு போய்ச் சேரு" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பிறகு அந்தச் சொல் இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. அவர் மகள் நடீன் சிறுமியாக இருந்தபோது பியானோ பழகுகையில், "டீச்சர் இந்த எடத்துல ரிப்பீட் பண்ணச் சொன்னாங்கப்பா" என்றாள். அவர் எழுந்து போய் மழையில் நின்றார். பிறகு அவளும் 'மறுபடி' என்றே சொல்லப் பழகிக்கொண்டாள், காரணம் தெரியாமலே. காது மந்தமானபின் அவரும் நானும் நாளெல்லாம் ஒருவரையொருவர் மறுபடி சொல்லு, மறுபடி சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். நடீன் அரிசோனாவிலிருந்து வந்தால் எங்கள் இரண்டு பேரையும் கிண்டல் செய்வாள்.

நீங்கள் வந்துபோன அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை.

"அந்தப் பொண்ணு இத்தனை வருஷமா என்ன நெனச்சுக்கிட்டு இருக்கா பாத்தியா, லைல்? எவனோ அவ அம்மா மொகத்தப் பாத்துட்டே சுட்டான்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

"நீங்கதான் சொன்னீங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான சார்."

"அதான்டா. ஒரு பையனக் காப்பாத்திட்டேன்னு பெருமையா இருந்தேன். அவளுக்கு என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு யோசிக்கவே இல்ல பாரு."

"இப்பப் போயி சொன்னா யாரு சார் நம்புவாங்க?"

"அவ நம்பினாப் போதும். நீயும் வந்து பக்கத்துல நில்லு. பேசறது நான் பேசிக்கறேன். தப்பு நடந்துபோச்சு, அவ்வளவுதான். உன்னைத் தூக்குலயா போடப் போறாங்க? மிஞ்சிப்போனா ராய் ரெண்டு நாளைக்குக் காபி ஊத்த மாட்டான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்தால் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நான் யோசித்தது அவரைப் பற்றித்தான். தனக்குக் கீழே இருந்தவனைக் காட்டிக்கொடுக்காதவர் என்பதுதான் அவருடைய வாழ்க்கை முழுவதும். அப்படிப்பட்டவர் கடைசிக் காலத்தில் ஊரைக் கூட்டி, நான் இல்லை, இதோ இவன்தான் என்று விரல் நீட்டினால் அது என்ன அழகு? அவருக்கு அந்தச் சிறுமை வர வேண்டாம் என்று நினைத்தேன். அவர் அளவுக்கு அவர் பெயரைக் காத்தவன் நான்.

கூட்டத்தன்று காலையில் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். நீங்கள் மருந்துக்கடை வைத்திருப்பவர், அந்தச் சின்னப் பழுப்புப் புட்டி உங்களுக்குத் தெரியும். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை. அது எப்போதும் அவருடைய இடது சட்டைப் பையில் இருக்கும். இஸ்திரி போடுவதற்காகப் பழைய சட்டையிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் மேல், ஓட்ஸ் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். புதுச் சட்டையை அவருக்கு மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டேன். புட்டியைத் திரும்ப வைக்கவில்லை. மறந்துபோனேன் என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். டாக்டர் கேட்கவே இல்லை.

பிறகு சொன்னேன்: "சார், உங்க பழைய தொப்பி மேல பரண்ல இருக்கு. கூட்டத்துக்கு அதப் போட்டுக்கிட்டு வந்தா நல்லாருக்கும். எனக்குத்தான் முட்டி ஏற விடமாட்டேங்குது."

"உன்னை யாருடா ஏறச் சொன்னது கிழவா" என்றார். செங்குத்தான ஏணிப்படி அது. டாக்டர் அவரை வாசற்படியே பார்த்து ஏறச் சொல்லியிருந்தார். அவர் ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவருக்கு ஓட்மீல் கஞ்சி கிண்டினேன். மேலே பெட்டிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தேடினார்.

சாயங்காலம் நீங்கள் கூட்டத்துக்கு வந்தீர்கள். பதிலை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்த உங்களுக்குக் கிடைத்தது மௌன அஞ்சலி. பள்ளி ஜிம்மில் எல்லாரும் எழுந்து நின்றோம். கடைசி வரிசையில் நீங்களும் எழுந்து நின்றீர்கள். அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இறந்தவரின் பெயரை எப்படி எடுப்பது என்று பெயர் மாற்றச் சொன்னவர்களும் பழைய பெயருக்கே கையைத் தூக்கிவிட்டார்கள். மறுநாள் வந்துசேர்ந்த நடீன் என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பா பக்கத்துல கடைசி வரைக்கும் நீங்க இருந்தீங்களே, அது போதும்" என்று அழுதாள்.

இருந்தேன். அது பொய்யில்லை.

தொப்பியோடு இறங்கி வந்து, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் உட்கார்ந்தார். முகம் வெளுத்து வேர்த்திருந்தது. கை சட்டைப் பையைத் தடவியது, காலியாக இருக்கவே மேசைமேல் தடவியது. "மாத்திரை, லைல்" என்றார். குரல் சன்னமாக இருந்தது. ஆனால் எனக்குக் கேட்டது. அன்று ரேடியோவில் கேட்டது போல அரைகுறையாக இல்லை. முழுதாகக் கேட்டது.

"மறுபடி சொல்லுங்க, சார்" என்றேன்.

சொன்னார். நான் மறுபடியும் அதையே கேட்டேன். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பி அவர் மடியிலிருந்து உருண்டு விழுந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி மேசைமேல் வைத்தேன்.

ஷெரீஃபுக்குப் போன் செய்ய வேண்டும் என்றால் செய்யுங்கள், போன் சுவரில் இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான், மிஸஸ் தோவா. சொல்ல வேண்டிய சொல்லை இந்தத் தடவை நான் தப்பில்லாமல் சொன்னேன். கடைசியாக என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வையில் அவருக்கு அதில் திருப்திதான் இருந்தது.