கிளாஸைப் பார்த்துக்கொள்கிறவள்

எலுமிச்சைச் சாறு எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பெண்கள் இரவில் வெளியே போனால் ஒருத்தியாவது குடிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற இருவருக்கும் அந்தப் பொறுப்பு லேசில் வராது என்பதால் அது என் தலையில் விழுந்தது. சனிக்கிழமைகளில் பெய்ரூட்டே மார் மிகாயேல் தெருவில் கூத்தடிக்கும்போது, நான் அந்தப் புளிப்பை உறிஞ்சிக்கொண்டு லமீஸுக்கும் கின்வாவுக்கும் காவல் இருப்பேன்.

விதிகள் என்னுடையவை. யாரும் தனியாக வீடு திரும்பக் கூடாது. முன்பின் தெரியாதவன் வாங்கிக் கொடுப்பதைத் தொடக் கூடாது. குடித்தவர் கையில் வண்டிச் சாவி போகக் கூடாது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் நம் ஊரில் ஒரு சின்ன இருட்டு வருமே, அப்போது கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும். ஆடப் போகிறவள் தன் கிளாஸை என்னிடம் விட்டுப் போக வேண்டும். அடுத்த மேஜைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த மாதிரிப் பற்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

லமீஸின் அம்மா கனடாவுக்குக் குடிபோகும்போது விமான நிலையத்தில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஹனாதி, இவள உன்கிட்ட விட்டுட்டுப் போறேம்மா" என்றார். பெரியவர்கள் அப்படி எல்லோரிடமும் சொல்வார்கள் என்று கின்வா கிண்டல் செய்தாள். என்னிடம் சொன்னதை நான் வாங்கிக்கொண்டேன்.

போன குளிர்காலத்தில் இருவருக்கும் விதிகள் சலித்துப் போயின. மேஜையில் கிளாஸை அப்படியே விட்டுவிட்டுப் புகைக்கப் போவார்கள். கேட்டால் என்னைக் கிழவி என்பார்கள். அந்தச் சமயத்தில்தான் ஓர் இரவு கின்வாவுக்குத் தலை சுற்றி, கால் தள்ளாடி, நாக்கு குழறியது. சற்று முன்பு அவளோடு பேசிக்கொண்டிருந்த திரிப்போலிப் பையன்தான் எதையோ கலந்துவிட்டான் என்று வாசற்காவலர்கள் அவனைப் பின்பக்கம் இழுத்துப் போனார்கள். அவன் தாடை உடைந்தது. கின்வாவை நான்தான் காரில் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுபோய், விடியும்வரை நெற்றியில் ஈரத்துணி போட்டேன். அதன் பிறகு இருவரும் மாதக்கணக்கில் என் பக்கத்தைவிட்டு அசையவில்லை. எங்கள் மூவருக்கும் அதைவிட நல்ல காலம் இருந்ததில்லை.

அந்தப் பையன் ஒன்றும் செய்யவில்லை. செய்யக்கூடிய முகம் என்பது வேறு விஷயம். அன்று கரண்ட் போனபோது கின்வாவின் கிளாஸை மூடியிருந்தது என் கைதான். என் அம்மாவின் தூக்க மருந்தில் கொஞ்சம் எடுத்து அதில் போட்டேன். பயம் மங்கிப்போனால் யாராவது அதைத் துலக்கி வைக்க வேண்டும். வீட்டு வேலை மாதிரிதான், செய்கிறவளுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

பிறகு வஜ்தி வந்தான். பக்கத்து அறையில் தலையில் கட்டுப்போட்டு உட்கார வைத்திருக்கிறீர்களே, அவன்தான். முதுகெலும்பே இல்லாத ஆள். லமீஸ் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். அவன் வந்த பிறகு அவள் எங்களோடு வருவாள், போகும்போது அவனோடு போவாள். நான் காலி இருக்கையைச் சுமந்துகொண்டு வண்டி ஓட்டுவேன். நேற்று அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இது சரியில்லை என்று பதமாகத்தான் சொன்னேன்.

"ஹனாதி, நீ எனக்கு அம்மாவும் இல்ல, போலீசும் இல்ல" என்றாள். "அடுத்த மாசம் நாங்க துபாய் போறோம். அங்க உன் கண்ணு எட்டாது. இனிமேயாவது உனக்குன்னு ஒரு வாழ்க்கையப் பாத்துக்கடி, கண்ணு."

சொல்லிவிட்டு என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ஆடப் போகும்போது வழக்கம்போலக் கிளாஸையும் என்னிடமே நீட்டினாள். அந்த இரவு முழுவதும் அவள் குடித்தது அந்த ஒரு கிளாஸ்தான்.

என் கணக்கு எளிமையானது. அவள் மயங்கிச் சரிவாள், எல்லோரும் வஜ்தியைப் பார்ப்பார்கள், நான் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போவேன். ஆனால் அவன் அளவு தெரியாமல் குடித்துவிட்டுத் தூங்க வேண்டும் என்று அழ ஆரம்பித்தான். அவள் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். நான் வாசலுக்கு வந்தபோது, வண்டி நிறுத்துகிற ஆள் வஜ்தியின் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். வஜ்தி சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு மறுபக்கம் ஏறினான். லமீஸ் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள்.

"பாத்தியா, குடிச்சவன ஓட்ட விடல. எல்லாம் நீ குடுத்த பாடம்."

அவள் கண்ணிமை அப்போதே கனக்கத் தொடங்கியிருந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. இறங்கு என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது, நிறையவே இருந்தது. ஏன் என்று கேட்டிருப்பாள். அவன் முன்னால் அதற்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்திரம் என்று கையசைத்தேன். கடற்கரைச் சாலையில் முதல் வளைவைத் தாண்டினார்கள் என்கிறீர்கள். இரண்டாவதில் அவள் திருப்பவே இல்லை.

அவள் ரத்தத்தில் மருந்து இருந்ததை மருத்துவமனையில் கண்டுபிடித்துவிட்டார்கள், அவனைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்று கின்வா அழுதுகொண்டே போனில் சொன்னாள். அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். அவன்மேல் இரக்கம் என்று எழுதிவிடாதீர்கள். அவள் நேற்று உட்கார்ந்திருந்தது அவன் காரில், இருந்தது என் கையில். அதை அவன் பேரில் எழுதுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. மருந்து கலந்தவள் நான். கலந்தது தெரிந்தே அவளை ஓட்ட விட்டவளும் நான்.

இன்னும் கண் திறக்கவில்லை என்கிறீர்கள். திறந்தால் ஒரு உதவி செய்யுங்கள். அவளிடம் சொல்லுங்கள்: என்னோடு வந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா?