வெள்ளைப் பக்கத்தின் எடை

யாரும் பாதியில் எழுந்து போகக் கூடாது. அப்புறம் தூக்கம் வரவில்லை என்று என்னைத் திட்டவும் கூடாது. என் நண்பனின் அத்தானுக்கு நடந்தது இது.

இரவு பதினொன்றரை. ஆளில்லாத சாலையை ஒட்டி, ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறை. அத்தான் மட்டும் டியூட்டியில். வீட்டில் நண்பனின் அக்கா நிறைமாதம், முதல் குழந்தை. எந்த நேரமும் போன் வரலாம். மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அங்கே ஃபேக்ஸ் எல்லாம் நேராகக் கம்ப்யூட்டரில் 'டிஃப்' ஃபைலாக வந்து விழும். போட்டோ மாதிரி இல்லை அது. ஒரே ஃபைலுக்குள் பல பக்கம் இருக்கும். சும்மா திறந்தால் முதல் பக்கம் மட்டும்தான் தெரியும்.

கிர்ர்ர்... ஒன்று வந்தது. அனுப்பிய எண் இல்லை. திறந்தார். வெறும் வெள்ளை. அழிக்கப் போனவர் கண்ணில் ஃபைலின் அளவு பட்டது. வெள்ளைத் தாள் ஃபேக்ஸில் இடமே பிடிக்காது. எல்லாம் வெள்ளை என்று குறித்துக்கொண்டு மெஷின் போய்விடும். இது கனத்தது.

ஃபேக்ஸுக்கான புரோகிராமில் திறந்து அடுத்த பக்கம் போனார்.

ஒரு கை... கண்ணாடியில் அழுத்திய பச்சைக் குழந்தையின் உள்ளங்கை. கன்னங்கரேலென்று. அடுத்ததில் அதே கை, கொஞ்சம் பெரிதாக. அதற்கடுத்து இன்னும் பெரிதாக. அறையில் குப்பென்று பால் வாடை. ஏழாவது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, கோணலாக ஒரு வெட்டு. ஒன்பதாவது கைக்குப் பிறகு... மறுபடி வெள்ளை. அதுதான் கடைசி.

யாரது என் சட்டையைப் பிடிப்பது? விடு.

அப்போது போன் அடித்தது. அக்காவுக்கு வலி. ஃபைலை அழித்துவிட்டு ஓடினார்.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தாள். தூக்கக் கலக்கத்தில் ஏதோ பார்த்தோம் என்று அவரும் தேற்றிக்கொண்டார். அவளுக்கு ஏழு நடக்கும்போது கண்ணாடி டம்ளர் உடைந்து கையைக் கிழித்தது. கட்டைவிரலுக்குக் கீழே. கோணலாக.

வருஷத்துக்கு ஒரு கை என்று அன்றுதான் அவருக்கு உறைத்தது. அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. இப்போது பிள்ளைக்கு ஒன்பது நடக்கிறது. போன வாரம்தான் என் நண்பனிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதார்.

அன்று காலையில்தான் வீட்டில் ஏதோ பேப்பரை ஸ்கேன் செய்ய மெஷின் மூடியைத் திறந்திருக்கிறார். பிள்ளை வந்து, கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அவரை நிமிர்ந்து பார்த்து மெதுவாகக் கேட்டாளாம்.

"அடுத்தது வெள்ளப் பக்கம்தானேப்பா?"